அண்ணனுக்குக் காட்டிய சிவப்பு அட்டை

பஸ் டிப்போவில் அவளுக்கு ஈடாகத் திட்டத் தெரிந்தவர்கள் இரண்டே பேர்தான். ஒருவர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். இன்னொருவருக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை நடந்து, வாயைத் திறக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதன்பிறகு அந்தத் துறையில் அவளுக்குப் போட்டியே இல்லை.

பஸ்ஸுக்குக் குறுக்கே நுழைகிற ஸ்கூட்டர்காரன், நிறுத்தத்தில் காரைப் போட்டுவிட்டுப் போன் பேசுகிற கனவான், சிக்னல் பச்சையானதும் தூங்கிப்போகிற லாரி, யாரையும் அவள் விட்டுவைத்ததில்லை. "அக்கா, ஜன்னல மூடிட்டுத் திட்டுங்க. பின்னால ஸ்கூல் பசங்க குறிப்பெடுத்துக்கிட்டு இருக்காங்க" என்பார் அவள் ஓட்டும் பஸ்ஸின் கண்டக்டர்.

அப்படிப்பட்டவளைத்தான், சிறுவர் கால்பந்து ஆட்டங்களில் யாரும் கெட்ட வார்த்தை பேசாமல் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் பிடித்துப் போட்டார்கள்.

விடுமுறை நாட்களில் அவள் நடுவர். குளிர்பதனக் கிடங்குக்குப் பின்னால், கம்பி வேலி போட்ட மைதானத்தில், பதிமூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளின் ஆட்டங்களுக்கு விசில் ஊதுவாள். பிள்ளைகளுக்கு அவள் 'விசிலக்கா'. நாளடைவில் பெற்றோருக்கும் அதுவே பெயராகிப்போனது.

போன பருவத்தில், அவள் இல்லாத ஒரு நாளில், ஒரு பையன் இன்னொருவனின் அம்மாவை இழுத்து ஒரு வார்த்தை சொன்னான். மற்றவன் அவனைப் பிடித்துத் தள்ளினான். அப்பாக்கள் உள்ளே குதித்தார்கள். கூட்டத்தின் காலடியில் சிக்கி ஒரு சின்னப் பையனுக்குக் கை எலும்பு முறிந்தது. கால்பந்துச் சங்கத்தின் செயலாளர் மருந்துக்கடைக்காரர். அவர் கடையிலிருந்தே பஞ்சும் துணியும் எடுத்து ஓடி வந்தாராம். அந்த வாரமே சங்கத்தைக் கூட்டி விதி போட்டார். ஆடுகிற பிள்ளை கெட்ட வார்த்தை சொன்னால் ஆட்டத்தை விட்டு வெளியே. பெரியவர்கள் சொன்னால், கோச்சாக இருந்தாலும் வேடிக்கை பார்க்க வந்தவராக இருந்தாலும், வேலிக்கு வெளியே. போக மறுத்தால் மூன்று நிமிடம் பொறுத்துவிட்டு ஆட்டத்தை எதிரணிக்குக் கொடுத்துவிட வேண்டும்.

விதி எழுதியாகிவிட்டது. பூனைக்கு மணி கட்டுவது யார்? இருந்த நடுவர்களில் ஒருவருக்குத் திடீரென்று முழங்கால் வலி வந்தது. இன்னொருவருக்கு மாமியார் வீட்டில் தொடர்ந்து விசேஷங்கள் வந்தன. மருந்துக்கடைக்காரர் கடைசியில் விசிலக்காவிடம் வந்து நின்றார்.

"என்னைப் போய்க் கேக்கறீங்களே சார், என் வாயப் பத்தித் தெரியாதா?"

"தெரிஞ்சுதான்மா வந்தேன். உங்களுக்குத் தெரியாத வார்த்தைன்னு ஒண்ணு இருக்கா? உங்க காதை யாரும் ஏமாத்த முடியாது."

அவள் சிரித்துக்கொண்டே சம்மதித்தாள். ஆனால் சிரிப்புக்காகச் சம்மதிக்கவில்லை. வண்டி ஓட்டுகிறவளுக்குத் தெரியும்: முதலில் ஒரு வார்த்தை இறங்கும், அதன் பின்னால் ஆள் இறங்குவான், ஆளுக்குப் பின்னால் கையில் இரும்புக் கம்பி இறங்கும். சாலையில் அது போகட்டும் என்று விடலாம். பந்து துரத்துகிற பிள்ளைகள் நடுவில் விட முடியாது.

முதல் சில வாரங்கள் கூத்தாகத்தான் கழிந்தன. பிள்ளைகள் லேசுப்பட்டவர்களா? கெட்ட வார்த்தைக்குப் பதில் காய்கறிப் பெயர்களைப் பிடித்துக்கொண்டார்கள். "போடா சுரைக்காய்!" என்பான் ஒருவன். கண்ணை உருட்டி, பல்லைக் கடித்து, முழு விஷத்தையும் அந்தச் சுரைக்காயில் இறக்கிச் சொல்வான். எதிரணிப் பையன் அழுதுகொண்டே ஓடி வருவான். "சொல்லுக்குத்தான்டா தண்டனை, ராகத்துக்கு இல்ல. நீ வேணா பூசணிக்காய்னு சொல்லிக்கோ" என்று அனுப்பிவைப்பாள். நான்கு பிள்ளைகளை வெளியே அனுப்பியிருப்பாள். பெற்றோர் முணுமுணுத்தார்கள், பொறுத்துக்கொண்டார்கள். பிள்ளைகளைத் தண்டிக்கும்வரை பெரியவர்கள் எந்த விதியையும் பொறுத்துக்கொள்வார்கள்.

நீலச்சட்டை அணியின் கோச் அவளுடைய அண்ணன்.

அண்ணன் டைல்ஸ் போடுகிறவர். நாள் முழுக்க மண்டியிட்டு வேலை செய்து முழங்கால் இரண்டும் போய்விட்டன; குரல் மட்டும் அப்படியே இருந்தது. மைதானத்தின் ஒரு முனையில் நின்று கூப்பிட்டால் மறுமுனையில் கிடங்குக் காவலாளி திரும்பிப் பார்ப்பார். நல்ல கோச் என்பதை யாரும் மறுக்க மாட்டார்கள். அணியிலேயே சின்னவனுக்குக் குனிந்து ஷூ நாடா கட்டிவிடுவார், வலிக்கிற முழங்காலோடு. கடைசிப் பிள்ளையை வீட்டிலிருந்து வந்து கூட்டிப்போகும்வரை கிளம்ப மாட்டார்.

அவளை வளர்த்ததும் அவர்தான். அப்பா போனபோது அவள் இரண்டாம் வகுப்பு. பந்தை உதைக்கச் சொல்லிக் கொடுத்தார். பின்னால் டைல்ஸ் ஏற்றும் லாரியை ஓட்டச் சொல்லிக் கொடுத்தார். பொம்பளை டிரைவரா என்று டிப்போவில் இழுத்தடித்தபோது, வேலைக்குப் போகாமல் மேனேஜர் அறை வாசலில் போய் உட்கார்ந்தவரும் அவர்தான்.

பருவத்தின் நடுவில் நடந்த கோப்பைப் போட்டியில் அரையிறுதிக்கு நீலச்சட்டையும் மஞ்சள்சட்டையும் வந்தன. விசில் ஊத வேறு ஆள் கிடைக்கவில்லை. அந்த வாரம் அண்ணன் அவள் வீட்டுக்கு வந்திருந்தார். எழுந்து போகும்போது அவள் சொன்னாள்: "அண்ணா, விதி கோச்சுக்கும் சேர்த்துத்தான். ஞாபகம் வச்சுக்கோ."

அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். "எனக்கா? அடிப்பாவி, உனக்கு மொத கெட்ட வார்த்தைய கத்துக் கொடுத்ததே நான்தானே!"

அது உண்மைதான். அவளும் சிரித்துவிட்டாள்.

ஆட்டத்தன்று வேலியோரம் ஈ நுழைய இடமில்லை. இரண்டு பக்கமும் ஆளுக்கொரு கோல் போட்டு, இடைவேளைக்குப் பிறகு ஆட்டம் இறுகிப்போனது. பந்து எங்கே போனாலும் கூட்டம் சேர்ந்து மூச்சு விட்டது. நீலச்சட்டையின் கோல்கீப்பர் அண்ணனின் மகன். ஒல்லியான பையன், கையுறை அவன் கையைவிடப் பெரிது. அவன் அம்மா, விசிலக்காவின் அண்ணி, பிள்ளைகளின் தண்ணீர் பாட்டில்களைப் பிளாஸ்டிக் கூடையில் அடுக்கிக்கொண்டு அண்ணனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. மஞ்சள்சட்டைப் பையன் ஒருவன் தூரத்திலிருந்து சும்மா தட்டிவிட்டான். உதைத்தவனுக்கே அதில் நம்பிக்கை இல்லை. பந்து உருண்டு உருண்டு வந்தது. கீப்பர் பையன் குனிந்தான். பந்து அவன் கைக்கும் காலுக்கும் நடுவில் புகுந்து வலைக்குள் போய்ப் படுத்துக்கொண்டது.

மஞ்சள் பக்கம் வெடித்தது. அந்தச் சத்தம் அடங்கிய ஒரு கணத்தில்தான் அண்ணனின் குரல் வந்தது. மகனைப் பார்த்து ஒரு சொல். இன்ன மாதிரிப் பெண் பெற்ற மகனே என்று பொருள்படும் சொல். எல்லோருக்கும் தெரிந்த, அச்சில் ஏற்ற முடியாத சொல்.

கேட்காததுபோல் இருந்திருக்கலாம். கோட்டோரம் கொடி பிடித்து நின்ற லைன்ஸ்மேன் ஏற்கனவே வானத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டான். பந்தை நடுக்கோட்டுக்கு எடுத்துப் போகச் சொல்லிக் கை காட்டினால் முடிந்தது. அவள் கையும் பாதி உயர்ந்துவிட்டது. அப்போது கீப்பர் பையனைப் பார்த்தாள். அவன் அப்பாவைப் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

விசிலை நீளமாக ஊதினாள்.

பந்தைக் கேட்டு வாங்கித் தன் காலடியில் வைத்து அதன்மேல் ஒரு காலை ஊன்றினாள். பிறகு அதைக் கையில் எடுத்துக்கொண்டு கோட்டோரம் நடந்தாள்.

"கோச், வெளிய போங்க."

அண்ணனைப் பிறந்ததிலிருந்து 'போங்க' என்று சொன்னதில்லை. அவருக்கும் அது உறைத்தது.

"யாரு, நானா?"

"நீங்கதான். கேட்டுக்கு வெளிய."

"என் பிள்ளைய நான் திட்டறேன். இதுல உனக்கு என்ன வந்தது?"

"யாரைத் திட்டினாலும் ஒண்ணுதான். மூணு நிமிஷம் டைம். போகலன்னா ஆட்டம் அவங்களுக்கு."

சட்டைப்பையிலிருந்து சிவப்பு அட்டையை எடுத்து உயர்த்தினாள். கூட்டம் 'ஓ' என்றது. அண்ணன் அந்த அட்டையைப் பார்த்தார். பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பிக் கைகளை விரித்தார்.

"பார்த்தீங்களா கதைய? டிப்போல இவ வாயைத் திறந்தா பஸ்ஸே பின்னால போகும். இவ எனக்குப் பாடம் எடுக்க வந்துட்டா! சாத்தான் வேதம் ஓதுது!"

சிரிப்பு எழுந்தது. யாரோ ஒரு தகப்பன், "உங்க குடும்பச் சண்டைய வீட்டுல வச்சுக்கங்கம்மா, பசங்கள ஆட விடுங்க" என்று கத்தினார். நீலச்சட்டை அப்பாக்கள் நாலைந்து பேர் கோட்டைத் தாண்டி உள்ளே கால் வைத்தார்கள். மஞ்சள் பக்கத்தில் சிலர் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல்தான் அவளுக்கு அதிகம் வலித்தது.

அவள் தொண்டைக்குள் வார்த்தைகள் வந்து நெருக்கின. எல்லாம் தேர்ந்தெடுத்த வார்த்தைகள். ஒன்றை எடுத்து விட்டால் போதும், அண்ணன் ஆறு மாதம் தலை நிமிர முடியாது. விசிலைப் பல்லிடுக்கில் கடித்துப் பிடித்துக்கொண்டு கைக்கடிகாரத்தையே பார்த்தாள்.

அண்ணன் பக்கத்தில் வந்தார். குரலை இறக்கினார்.

"அப்பா போனப்புறம் உனக்குச் சோறு போட்டது யாரு?"

"நீதான்."

"டிப்போ வாசல்ல போய் உக்காந்தது யாரு?"

"நீதான் அண்ணா. வெளிய போயிடு. கெஞ்சிக் கேக்கறேன். பசங்களுக்காக."

அவர் நகரவில்லை. கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். அண்ணி எழுந்து வந்து அவர் முழங்கையைத் தொட்டு, "போங்க, கேட்டு இதோ பக்கத்துலதானே இருக்கு" என்றாள். "நீ சும்மா இரு" என்றார், திரும்பிப் பார்க்காமலே. அண்ணி கையை எடுத்துக்கொண்டாள்.

நேரம் முடிந்தது. விசிலக்கா மூன்று முறை ஊதினாள். ஆட்டம் மஞ்சளுக்கு.

நீலச்சட்டைப் பிள்ளைகள் நின்ற இடத்திலேயே உட்கார்ந்து அழுதார்கள். அவர்கள் செய்த தப்பு எதுவுமில்லை. அப்பாக்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவர் அவள் கையிலிருந்த அட்டையைப் பிடுங்கிக் கிழித்தார். முதுகில் ஒரு தள்ளு விழுந்தது, யாரென்று தெரியவில்லை. மருந்துக்கடைக்காரர் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, கோழி விரட்டுகிறவர்போல ஓடிவந்து அவளைக் கேட்டுவரை கொண்டுவந்து சேர்த்தார். அங்கே அவளுடைய ஸ்கூட்டரின் இரண்டு டயரிலும் காற்றில்லை.

தள்ளிக்கொண்டு நடந்தாள். கொஞ்ச தூரம் போனதும் பின்னால் காலடிச் சத்தம். அண்ணியும் பையனும். பையன் இன்னும் கையுறையைக் கழற்றவில்லை.

"உங்க வீட்டுக்கு வரலாமா?" என்றாள் அண்ணி.

"இதென்ன கேள்வி அண்ணி, வாங்க."

பையன் ஸ்கூட்டரின் பின்பக்கத்தைப் பிடித்துத் தள்ளினான். வீட்டில் அவள் கணவன் மூன்று பேர் முகத்தையும் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் அடுப்பைப் பற்றவைத்தான்.

அண்ணன் சும்மா விடவில்லை. சங்கத்தில் புகார் கொடுத்தார்: அப்படியொரு வார்த்தையை நான் சொல்லவே இல்லை, சொந்தப் பகையில் நடுவர் ஆட்டத்தைக் கெடுத்துவிட்டார், முடிவை மாற்ற வேண்டும். மருந்துக்கடையின் பின்னறையில் விசாரணை வைத்தார்கள். இருமல் மருந்து வாசனையில், அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே, சங்கத்து ஆட்களும் நீலச்சட்டை அப்பாக்களும் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள்.

"'தேங்கா மண்டையா'ன்னுதான் சொன்னேன். அது என்ன கெட்ட வார்த்தையா? காய்கறி பேரு சொல்லலாம்னு இவங்களே பசங்களுக்குப் பர்மிஷன் கொடுத்திருக்காங்க" என்றார் அண்ணன். அவள் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

அப்பாக்களைக் கேட்டார்கள். ஒரே சத்தமாக இருந்தது, சரியாகக் காதில் விழவில்லை என்றார் ஒருவர். தேங்காய் என்பது மாதிரிதான் கேட்டது என்றார் அடுத்தவர். லைன்ஸ்மேன், தான் அந்தக் கோடியில் நின்றதாகச் சொல்லிவிட்டுத் தன் செருப்பைப் பார்த்தான். மைதானம் முழுக்கக் கேட்ட ஒரு சொல்லை அந்த அறையில் ஒருவரும் கேட்டிருக்கவில்லை.

மருந்துக்கடைக்காரர் நெற்றியைத் தடவினார். "ஏம்மா, பையன் கேட்டிருப்பானே? அவனைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டா முடிஞ்சுது."

பையன் அவள் வீட்டில்தான் இருந்தான். கூப்பிட்டால் வருவான். கேட்டால் சொல்வான்.

"அவனைக் கூப்பிடக் கூடாது சார்," என்றாள் அவள். "அப்பாவுக்கு எதிரா பெத்த பிள்ளைய நிக்க வச்சுப் பேச வைக்கறதா? அதுக்கு அந்த வார்த்தையே தேவலை. நான் கேட்டேன், ஊதினேன். நம்பினா நம்புங்க. இல்ல, முடிவை மாத்திக்கங்க. விசிலை இங்கேயே வச்சுட்டுப் போறேன்."

அண்ணன் முதல்முறையாகத் தலையைத் தூக்கினார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் கடைப்பக்கத் திரை விலகியது. அண்ணி நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக வெளியே நின்றாளோ.

"நான் கேட்டேன்" என்றாள்.

அறையில் எல்லோரும் நகர்ந்து உட்கார்ந்தார்கள், இல்லாத இடத்தை உண்டாக்குகிறவர்கள்போல. அவள் உட்காரவில்லை.

"பையனைத் திட்டினார், பையனைத் திட்டினார்னு எல்லாரும் பேசறீங்க. அந்த வார்த்தைல பையன் எங்க இருக்கான்? அது என்னைப் பத்தின வார்த்தை. எனக்குக் கேக்காம வேற யாருக்குக் கேக்கும்?"

முன்பக்கக் கடையில் யாரோ தலைவலி மாத்திரை கேட்கும் குரல் துல்லியமாகக் கேட்டது.

"வீட்டுல எத்தனையோ தடவை சொல்லியிருக்கார். கோவத்துல வர்றதுன்னு விட்டுட்டேன். அன்னைக்கு பிள்ளை என்னைத் திரும்பிப் பார்த்தான் பாருங்க. அவன் எதுக்காகப் பார்த்தான்னு எனக்கு இன்னும் தெரியல. அதுக்கப்புறம் என்னால விட முடியல."

அண்ணன் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோணலாகப் பதித்த பழைய டைல்ஸ். அதன் இடுக்குகளை ஒவ்வொன்றாக எண்ணுவதுபோல, வெகுநேரம் பார்த்தார். பிறகு எழுந்து, "சொன்னேன்" என்றார். அவ்வளவுதான். முன்பக்கமாக நடந்து போய்விட்டார்.

முடிவு மாறவில்லை. அந்தப் பருவம் முடியும்வரை அவர் மைதானத்துக்குள் கால் வைக்கக் கூடாது என்றும் தீர்மானித்தார்கள். அண்ணியும் பையனும் இன்னும் சில நாள் தங்கிவிட்டு வீடு திரும்பினார்கள். என்ன பேசித் திரும்பினார்கள் என்று விசிலக்கா கேட்கவில்லை, அண்ணியும் சொல்லவில்லை. அண்ணன் அடியோடு மாறிவிட்டார் என்று சொல்ல ஆசைதான். ஐம்பதை நெருங்குகிற மனுஷன் அப்படியெல்லாம் மாறிவிடுவாரா? வீட்டில் சத்தம் கேட்கத்தான் செய்கிறது என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் சொன்னார்கள். அந்த ஒரு சொல் மட்டும் கேட்கவில்லையாம்.

தங்கையோடு அவர் பேசவில்லை. தெருவில் எதிரே வந்தால் ஏதாவது ஒரு கடைக்குள் நுழைந்துவிடுவார்; ஒருமுறை அது பெண்களின் அழகு நிலையமாக இருந்து, நுழைந்த வேகத்தில் வெளியே வர வேண்டியதாயிற்று. அதைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

டிப்போவில் அவள் திட்டுவதை நிறுத்திவிட்டாள் என்று ஒரு வதந்தி கிளம்பியது. அதில் உண்மையில்லை. அம்மாவை இழுக்கிற வார்த்தைகள் மட்டும் நாக்குக்கு வருவதில்லை. வந்தாலும் பாதியில் நின்றுவிடுகின்றன. மற்றபடி ஸ்கூட்டர்காரர்கள் இன்றும் அவள் பஸ்ஸைக் கண்டால் ஒதுங்கித்தான் போகிறார்கள்.

விசிலையும் விடவில்லை. முதல் வாரம் நீலச்சட்டைப் பெற்றோர்களில் பாதிப்பேர் அவளைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். போகப் போகச் சிலர் தலையசைத்தார்கள். பருவத்தின் கடைசி ஆட்டம் ஒன்றில், வேலிக்கு வெளியே, கிடங்கு லாரிகள் நிற்கும் இடத்தில் அண்ணன் நிற்பதைப் பார்த்தாள். விதிப்படி அங்கே நிற்கத் தடையில்லை. கம்பியில் விரல்களைக் கோத்துக்கொண்டு மகனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்கும் பையன் ஒரு பந்தை விட்டான். இதைவிட மோசமாக விட முடியாது. கூட்டத்தில் பாதித் தலைகள் வேலிப்பக்கம் திரும்பின. பையனும் திரும்பினான்.

அண்ணனின் கழுத்து நரம்பு புடைத்தது. வாய் திறந்தது. கம்பியிலிருந்து விரல்களைப் பிடுங்கிக்கொண்டு, இரண்டு கையையும் தலையில் வைத்து, லாரிக்குப் பின்னால் போய்விட்டார். அங்கே ஒரு டயரை ஓங்கி உதைக்கிற சத்தம் கேட்டது. அப்புறம், முழங்கால் வலியில் ஒரு முனகல்.

அவள் பந்தை நடுக்கோட்டில் வைத்து ஆட்டத்தைத் தொடங்கிவைத்தாள். மறுபடி அவள் அந்தப் பக்கம் ஓடி வந்தபோது அவர் திரும்பி வந்து, நொண்டிக்கொண்டே, பழைய இடத்தில் நின்றிருந்தார்.